லோத்குண்டா படகு: இரண்டு என்ஜின், ஒரு ஜெனரேட்டர்

மார்ச் 5, வியாழன்

வெயில் தொடங்கிவிட்டது. காலை எட்டுக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. கேஸ் புக் செய்தாயிற்று. இடது முழங்கால் வலி, பழையபடி.

மாலை லோத்குண்டா, எங்கள் சைனிக்புரிக்குப் பக்கத்துப் பகுதி. நான், மகள் வித்யா, மாப்பிள்ளை ரூபன். விற்பனைக்கு உள்ள மோட்டார் படகைப் பார்க்க. முப்பத்தெட்டு அடி, வெள்ளை, உல்லாசப் படகு வகை. கன்டோன்மென்ட் சுவரை ஒட்டிய காலி மனையில் இரும்புச் சட்டத்தின்மேல், ஓர் ஆள் உயரத்தில் நிற்கிறது. ஏணி வைத்து ஏற வேண்டும். அடி நிழலில் இரண்டு ஆடுகள். மேலே வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது. மிக அருகிலுள்ள கடல் ஓர் இரவு ரயில் பயணம். இது விற்பவருக்கோ வாங்குபவருக்கோ குறையாகத் தெரியவில்லை.

விற்பவர் ரெட்டி, காண்ட்ராக்டர். ஊருக்கு வெளியே ஏரியில் விருந்துப் படகு விடலாம் என்று மும்பைப் பக்கமிருந்து டிரெய்லரில் கொண்டு வந்தாராம். படகு வந்தது, அனுமதி வரவில்லை. அன்றிலிருந்து ஆடுகள்.

ரூபனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. தூத்துக்குடிப் பையன். "ஸ்க்ரீனப் பாத்து பாத்து கண்ணு பூத்துப்போச்சு மாமா. தண்ணியப் பாக்கணும்." படகை காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ச் சுற்றுலாக்காரர்களைக் கடலில் ஏற்றிச் செல்வது திட்டம். என்ஜின் நல்லது என்றால் ராஜினாமா. இரண்டு பேரும் போய்விடுவார்கள். சைனிக்புரி வீட்டில் எங்கள் தலைக்கு மேல் உள்ள மாடி காலி.

போவது பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை. என்ஜினைப் பற்றிக் கேட்டார்கள். சர்வீஸ் முழுக்க ரயில்வே டீசல் ஷெட்டில் இருந்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்.

குறித்து வைக்க: இந்த என்ஜின்கள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பரிசோதகருக்கு இது நல்ல தகுதி அல்ல. வேறு ஆள் கிடைக்காததால் நானே தொடர்கிறேன்.


மார்ச் 6, வெள்ளி

காலை முழுக்கப் படகின் வயிற்றுக்குள். பார்த்தவை:

என்ஜின்கள்: இரண்டு, டீசல், இடம் வலம். வெளியே துரு குறைவு. அடியில் எண்ணெய்த் தேக்கம் இல்லை (துடைத்திருக்கலாம்). 
பெல்ட்: வெடிப்பு. மாற்ற வேண்டும். 
குளிர்நீர்: பச்சை, தெளிவு. 
ரப்பர் தாங்கிகள்: இடப்பக்கம் ஒன்று அமுங்கியிருக்கிறது. 
ஓடிய மணி: மிகக் குறைவு. ரெட்டி இதைப் பெருமையாகக் காட்டுகிறார். நிறைய ஓடிய டீசலை நம்பலாம், சும்மா நின்ற டீசலை நம்ப முடியாது. ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றியது. எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன். 
ஜெனரேட்டர்: பின் அறையில், கட்டிலுக்கு அடியில். பார்க்க வேண்டுமென்றால் மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, மண்டியிட வேண்டும். முழங்கால். அப்புறம்.

இதெல்லாம் தலைவாரிப் பவுடர் போட்ட முகம். டீசல் என்ஜினிடம் உண்மை கேட்க நேரம் ஒன்றுதான்: இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தபின் முதல் தடவை கிளப்பும்போது. தேய்ந்த என்ஜின் இருமும், வெள்ளைப் புகையைக் கக்கும், நொண்டி நொண்டித்தான் சீராகும். சூடான பிறகு எல்லா என்ஜினும் யோக்கியம்தான். நேற்று நாங்கள் போவதற்கு முன்பே ரெட்டி என்ஜினைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தார். எனவே நேற்றுக் கேட்ட சத்தம் கணக்கில் இல்லை.

ரெட்டியிடம் சொன்னேன்: நாளை காலை ஏழுக்கு வருவேன், அதுவரை சாவியை யாரும் தொடக்கூடாது. "மீ இஷ்டம் சார்," உங்கள் இஷ்டம் என்றார்.

மாலை கமலா, என் மனைவி, வித்யாவோடு போய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ஜின் மூடிகள் இரண்டிலும் குங்குமப் பொட்டு. வாட்ச்மேன் யாதையாவோடு வெகுநேரப் பேச்சு, அவர் மகள் கல்யாணத்தைப் பற்றி. ஃபோன் நம்பர்கூட வாங்கிக்கொண்டாளாம். யாரிடமும் வாங்குவாள்.

இரவு தோசை. தேங்காய்ச் சட்னி. தேங்காய் எங்கே உடைத்தது என்று கேட்கவில்லை.


மார்ச் 7, சனி

ஏழுக்குப் போய் என்ஜின்மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பு. பால் ஆறிக்கொண்டிருக்கும் பாத்திரம் போல. இரண்டும்.

ரெட்டியை வரச் சொன்னேன். வந்தார், பல் துலக்கிய ஈரத்தோடு. "நேனு கீ கூட முட்டுக்கோலேது சார்." சாவியைத் தொடவே இல்லையாம்.

"யாரும் தொடாமல் தானாகச் சூடாகும் என்ஜினை நான் சர்வீஸில் பார்த்ததில்லை," என்றேன்.

"அண்டே, நன்னு தொங்க அண்டுன்னாரா?" திருடன் என்கிறீர்களா என்று கேட்கிறார்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. யாதையா வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் ரூபன்: "என்ன மாமா, அந்த மனுசனப் போய் கள்ளன்னுட்டீங்களே."

"நான் சொல்லல. அவரே சொன்னார்."

"உங்களுக்கு முடிக்க மனசில்லன்னா நேரா சொல்லிருங்க மாமா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சிக்னல் விழுந்தது, உதவியாக.

உண்மையைச் சொன்னால், சூடு கையில் பட்டதும் மகிழ்ச்சி. விற்பவர் எதையோ மறைக்கிறார். மறைப்பதென்றால் மறைக்கும்படி ஒன்று இருக்கிறது. காலை டிபன் ருசித்தது. இதுவும் குறித்து வைக்க.


மார்ச் 8, ஞாயிறு

மதியம் எல்லாரும் கீழே சாப்பாடு. வத்தக்குழம்பு. மின்வெட்டு, அரை மணி.

நான் ஒரு தடை போட்டேன்: தரையில் வைத்து ஓட்டினால் சுமை கிடையாது. பாரம் இழுக்காத டீசலைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல முடியாது.

ரூபன் சோற்றைப் பிசைந்தபடி: "ரெட்டி சாரு ஒத்துக்கிட்டாரு மாமா. காக்கிநாடாவுல தண்ணியில எறக்கி ஓட்டிப் பாத்த பொறவுதான் முழுசா முடிக்கது. இங்க நீங்க ஓகேன்னா டிரெய்லர்ல ஏத்துவோம்."

தடை போயிற்று.

வித்யா: "அப்பாவுக்கு டிரெயின் தவிர எல்லாமே டவுட்."

"டிரெயினும் டவுட்தான். அதனாலதான் ஓடிச்சு."

சிரித்தாள். பல மாதத்துக்குப் பின். பிறகு ரூபனைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவன் இன்னும் தெலுங்கு சரியாகப் பிடிக்காதவன், தலையை மட்டும் ஆட்டினான். எனக்குப் புரிந்தது. "ஆயன ஒப்புக்கோரு," என்றாள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பேச்சு முடிக்கும் நாள் பற்றித் தகராறு. கமலாவுக்கு அமாவாசை வேண்டும், 18. ரெட்டி ஃபோனில் அலறாத குறை: "அமாவாஸ்யனா? ஒத்தம்மா, ஒத்து." வேண்டவே வேண்டாமாம். தமிழருக்கு மிக நல்ல நாள், தெலுங்கருக்கு வீட்டை விட்டு நகராத நாள். ஒரே நிலா. கடைசியில் மறுநாள் யுகாதி என்று சமரசம். இரண்டு தரப்புக்கும் திருப்தியில்லை, ஆகவே முடிவு சரியாகத்தான் இருக்க வேண்டும்.


மார்ச் 9, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் ஆறு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாளத்தார் ஓடும் சத்தம். படகில் ஏறி மூடியைத் தூக்கினேன். சூடு. கூடவே ஊதுவத்தி வாசனை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திருடர்கள் ஊதுவத்தி ஏற்றுவதில்லை.

யாதையாவைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்தார். "மேடம் ஃபோன் கர்தீ சாப். ரோஜ் சுபே. அச்சா டைம் ஹை, தஸ் மினிட் சலாவ் போல்தீ." கமலாதான். தினம் விடிகாலையில் ஃபோன் செய்து, இப்போது நல்ல நேரம், பத்து நிமிஷம் ஓட்டு என்று சொல்லியிருக்கிறாள். இவரும் டிரம்மில் தண்ணீர் லாரித் தண்ணீரை நிரப்பி, கடல்நீர் வர வேண்டிய குழாயை அதில் விட்டு, வத்தி கொளுத்தி, கும்பிட்டு, தன்னிடமிருந்த சாவியைப் போட்டு ஓட்டியிருக்கிறார். இரண்டு என்ஜினையும்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மேடம் நக்கோ போலே, சாப். மை கைக்கு போலூங்?" மேடம் வேண்டாம் என்றார்களாம், இவர் எதற்குச் சொல்வாராம்.

வீட்டுக்கு வந்தேன். கமலா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஹவ், ஆமா, நான்தான் சொன்னேன். ஒரு காரியம் மொத மொத ஆரம்பிக்கறது நல்ல நேரத்துல இருக்கணும். நீங்க கரெக்டா ராகு காலத்துல போய் நிப்பீங்க."

"சூடா இருந்தா ஒண்ணுமே தெரியாது கமலா. அது ஏமாத்து வேலை."

"சாமி பேரைச் சொல்லி ஆரம்பிக்கறது ஏமாத்து வேலையா?"

"என்ஜினுக்கு அப்படித்தான்."

"நீங்க போறதுக்கு முன்னாடி நல்லபடியா ஆரம்பிச்சிட்டா, அப்புறம் நீங்க எந்த மூஞ்சியோட பாத்தா என்னன்னு நினைச்சேன்."

"எந்த மூஞ்சி?"

"கெட்டுப்போயிருக்கணும்ங்கற மூஞ்சி."

கறிவேப்பிலைக் காம்புகளைப் பேப்பரில் மடித்தாள். அவசரமே இல்லை.

"அவங்க போகணும்னு உனக்கு ஆசையா?" என்றேன்.

"எனக்கும் போக வேணாம்னுதான் இருக்கு. ஆனா நான் என்ஜின் பாக்கப் போகல."

இனி ஃபோன் செய்யாதே என்று சொல்லிப் பார்த்தேன். வித்யா காரியம், விட முடியாது என்றாள். கூடத்துக் காலண்டரில் பார்த்தேன். புதன் அஷ்டமி. வியாழன் நவமி. அந்த இரண்டு நாளும் கமலா புதுச் சோப்பைக்கூடப் பிரிக்க மாட்டாள். வியாழன் காலை என்ஜின் கல்லாகக் குளிர்ந்திருக்கும். பஞ்சாங்கம் எழுதியவர்களுக்கு டீசல் தெரிந்திருக்கிறது.


மார்ச் 10, செவ்வாய்

ரெட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ரூபன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொன்னதும் ரெட்டி சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா செய்தது சரிதானே," என்பது போலத் தலையசைத்தார்.

சாயா, உஸ்மானியா பிஸ்கட். கிளம்பும்போது ரெட்டி சொன்னதன் சாரம்: நான் இதை ஒரு நாளும் தண்ணீரில் பார்த்ததில்லை சார். உங்கள் மாப்பிள்ளை இதை இறக்கினால் ஒரு தடவை என்னை ஏற்றச் சொல்லுங்கள்.

நல்ல மனிதர். சிரமமாக இருக்கிறது.

வீட்டுக் குழாய் வாஷர் மாற்றியது. சொட்டுவது நிற்கவில்லை.


மார்ச் 11, புதன்

அஷ்டமி. கமலா படகு என்ற சொல்லையே எடுக்கவில்லை. 38 டிகிரி என்று டி.வி.


மார்ச் 12, வியாழன்

நவமி. வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போனேன். ரூபன் தெருமுனையில் காரோடு. கள்ளத்தனமாகச் செய்த முதல் கூட்டுக் காரியம், எங்கள் இருவருக்கும்.

கை வைத்தேன். குளிர்ச்சி. கிணற்றடிக் கல் போல. யாதையா டிரம்மை நிரப்பிவிட்டு விலகி நின்றுகொண்டார். இன்று வத்தி இல்லை.

ரூபன் மேலே, சாவியோடு. நான் பின்னால், புகை வரும் பக்கம்.

வலது: திருப்பினான். ஒரு சுற்று, பிடித்துக்கொண்டது. இடது: அதேபோல. புகை வந்தது. மெல்லிசு. வேப்பங்கிளை உயரம்கூடப் போகவில்லை, கலைந்துவிட்டது. வெள்ளைப் புகைக்காகக் காத்திருந்தேன். இருமலுக்காகக் காத்திருந்தேன். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தேன், தேய்ந்த என்ஜின் என்றால் கையில் காற்று ஊதும், ஊதல் இல்லை. சும்மா நின்ற டீசலை நம்பக்கூடாது என்ற என் கொள்கைக்கு இவை இரண்டும் மரியாதை தரவில்லை.

இவ்வளவு நல்ல ஸ்டார்ட்டைப் பார்த்து இவ்வளவு வருத்தம் என் சர்வீஸில் வந்ததில்லை.

"மாமா?"

"நல்லா இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"ஜெனரேட்டர்?"

பொத்தானை அழுத்தச் சொன்னேன். ஓடியது. ஏ.சி.யில் சில்லென்று காற்று. "அதுவும்தான்," என்றேன். பலகையைக் கழற்றவில்லை. அப்போது எனக்குக் கீழே இறங்கினால் போதும் என்றிருந்தது.

ரூபன் என்னைக் கட்டிப்பிடித்தான். டீசல் கையோடு. சட்டை போயிற்று.

மாலை வித்யாவே காபி கொண்டுவந்தாள். "தேங்க்ஸ்ப்பா. நீங்க நோ சொல்வீங்கன்னே நினைச்சேன்."

"நானும்தான்," என்றேன். அவள் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ராஜினாமா.


மார்ச் 14, சனி

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மதியம் நாங்கள் நால்வரும் படகில். கமலா புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டாள். முழங்கை தாங்கி ஏணியில் ஏற்றினோம். உச்சி வெயில். ஜெனரேட்டரை ஓடவிட்டு மூன்று ஏ.சி.யும் போட்டான் ரூபன். தண்ணீரில்லாத இடத்தில் படகுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். காவல் கோபுரத்துச் சிப்பாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அறிக்கையில் என்னவென்று எழுதுவார் என்று ஜோக் அடித்தேன்.

சாப்பிட்டதும் கமலா பின் அறையில் படுக்கப் போனாள். "ஏ.சி. நல்லாதான் இருக்கு. கொஞ்சம் கதவைச் சாத்துங்க." நான்தான் சாத்தினேன்.

நாங்கள் மூவரும் மேல்தட்டில் துணி கட்டிய நிழலில். டிரெய்லர் எந்த வழியாகப் போகும் என்ற பேச்சு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டீ ஃபிளாஸ்க்கைத் திறந்த வித்யா எழுப்பப் போனாள். பிறகு அவள் குரல். கத்தவில்லை. "அப்பா. அம்மா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க."

கமலா கண்ணைத் திறந்தாள், எங்களைப் பார்த்தாள், யாரென்று யோசிப்பது போல இருந்தது. தலை பிளக்கிறது என்றாள். எழ முயன்று கால் மடங்கியது. வாந்தி. முகம் சிவந்திருந்தது, வெயிலில் நின்றவள் போல. அறையில் எந்த நாற்றமும் இல்லை. ஏ.சி. சில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

புளியோதரை என்றான் ரூபன். வெயில் என்றாள் வித்யா. எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய். வாசனையில்லாத வாயு.

அணை, அணை என்றேன். எல்லா ஜன்னலையும் திறந்தோம். ஏணியில் அவளை எப்படி இறக்கினோம் என்று நினைவில்லை. யாதையா கீழே தோள் கொடுத்தார். ரூபன் காரை எப்படி ஓட்டினான் என்றும் நினைவில்லை.

ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன் மாஸ்க். டாக்டர் பெண், சின்ன வயது. "இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தா நாம இப்படிப் பேசிட்டிருக்க மாட்டோம், அங்கிள்," என்றார், ஆங்கிலத்தில், மரியாதையாக.

இரவு அங்கேயே. நாற்காலி.


மார்ச் 15, ஞாயிறு

மதியம் வீட்டுக்கு விட்டார்கள். தலைவலி இருக்கிறது, வேறொன்றும் இல்லை. ரசம் சாதம் இரண்டு வாய்.

கட்டிலில் சாய்ந்தபடி கமலா சொன்னாள்: "என்ஜினுக்கு ரெண்டுக்கும் நேரம் பாத்தேன். ஜெனரேட்டருக்கு நான் நேரம் பாக்கல. மறந்தே போச்சு."

"நானும் பாக்கல," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டி என் சட்டைப் பித்தானைச் சரிசெய்தாள். ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

என்ஜின் என்ஜின் என்று அதில் குற்றம் தேடினேன். கெட்டது வேறிடத்தில் இருந்தது. மெத்தையைத் தூக்கச் சோம்பல். பிறகு மனம் விட்டுப்போய், அதுவும் நல்லதுதான் என்று வாயால் சொன்னேன். அவ்வளவுதான் பரிசோதனை.

ரூபன் மாலை கீழே வந்தான். உட்காரவில்லை. "வேண்டாம் மாமா. விட்டுருவோம். அத்தைக்கு ஏதாவது ஆயிருந்தா..." முடிக்காமல் மாடிக்குப் போய்விட்டான்.

ஆக, நான் விரும்பியது நடந்துவிட்டது.


மார்ச் 16, திங்கள்

ரூபன் மாதாப்பூருக்கு ஆபீஸ் போனான், அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. ராஜினாமா இல்லை. வித்யா மாடியிலிருந்து இறங்கவில்லை.

லோத்குண்டா போனேன். தனியாக. டார்ச், ஸ்பேனர் செட். மெத்தையைத் தூக்கினேன், பலகையைக் கழற்றினேன், மண்டியிட்டேன். முழங்கால் செத்தாலும் பரவாயில்லை.

ஓடிய மணி: என்ஜின்களைவிடப் பல மடங்கு. இயல்புதான். பயணம் போகாத நாளிலும் விளக்கு வேண்டும், ஏ.சி. வேண்டும், ஜெனரேட்டர் ஓடும். பழைய படகில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இப்போது எழுதுகிறேன்.

புகை வெளியேறும் முழங்கைக் குழாய் அடிப்பக்கம் துருவேறி வெடித்திருக்கிறது. மேலே யாரோ சுற்றிய துணிப்பட்டை, கருகி. பலகையின் உள்பக்கம் கரி விசிறியடித்த கோலம். யார் பார்த்தாலும் தெரியும். பலகையைத் திறந்தால் போதும்.

ஜெனரேட்டர் தானளவில் பழுதில்லை. புது முழங்கைக் குழாய், புது ரப்பர் ஹோஸ், நல்ல கிளாம்ப். இரண்டு நாள் வேலை. இது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. நான் பேசாமல் இருந்தால் மாடி காலியாகாது. பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

மாலை கமலா தூங்கும்போது வித்யா கூடத்துக்கு வந்தாள். நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்பா, அதை ரிப்பேர் பண்ண முடியுமா, முடியாதா? உங்க ஒபீனியன் வேணாம். அது மட்டும் சொல்லுங்க."

"ரூபன் வேணாம்னு சொல்லிட்டானே."

"அவன் பயத்துல சொல்றான். நான் உங்களைக் கேக்கறேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். இதையும் எதிர்பார்த்தது போல.


மார்ச் 17, செவ்வாய்

காலை மாடிக்கு ஏறினேன். ஏறி மாதங்களாகிறது. மொட்டைமாடிக் கொடியில் இருவர் துணியும் காய்ந்துகொண்டிருந்தது. வித்யா கதவைத் திறந்தாள். "முடியும்," என்றேன். மூச்சு வாங்கியது, ஆகவே அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அவள் ரூபனிடம் என்ன பேசினாள் தெரியாது. ஒன்பது மணிக்கு லீவு போட்டுவிட்டு அவன் காரில் உட்கார்ந்திருந்தான்.

ராணிகஞ்ச், உதிரிபாகக் கடைத் தெரு. நேற்றே கழற்றி எடுத்துவந்த பழைய குழாயை மாதிரிக்குக் கொடுத்து ஸ்டெயின்லெஸ்ஸில் ஒன்று செய்யச் சொன்னோம், மதியத்துக்குள் ஆயிற்று. கடைக்காரர், "எந்த வண்டி?" என்றார். படகு என்றதும் ரூபனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹுசேன்சாகரா?" என்றார், ஊர் நடுவில் உள்ள ஏரியைச் சொல்லி. ஹோஸ், கிளாம்ப் எட்டு. விஷவாயு காட்டும் கருவி இரண்டு, ஒன்று பொய் சொன்னால் மற்றது சொல்லட்டும்.

மாலைவரை படகில். ரூபன் படுத்துக்கொண்டு குழாயைத் தாங்கினான், நான் நட்டு முறுக்கினேன். அவன் கண்ணில் கரி விழுந்தது.

நடுவில் ரூபன்: "மாமா, உண்மையா சரியாகிருமா?"

"ஆகலன்னா சொல்றேன்."

"இல்ல, ஆச்சுன்னாலும் சொல்லணும்."

நட்டு கையிலிருந்து நழுவி அடியில் போய்விட்டது. காந்தம் போட்டு எடுக்க நேரமாயிற்று.


மார்ச் 18, புதன்

அமாவாசை. மேகமூட்டம், காற்றில்லை. கமலாவுக்குத் தலைவலி விட்டது. இன்று ஜெனரேட்டர் சோதனை என்றேன். காலண்டரைப் பார்த்தாள். "பதினொண்ணரைக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடுங்க. பன்னெண்டுக்கு ராகு காலம்." சரி என்றேன். இது குளிர்ந்துதான் இருக்கிறது, இந்தத் தடவை நேரத்தோடு எனக்குச் சண்டையில்லை.

யாதையா: "அமாவாஸ்ய சார். ஒத்து." கேட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

பதினொன்றே காலுக்குக் கிளப்பினோம். மூன்று ஏ.சி., எல்லா விளக்கு, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், மின் அடுப்பு: முழுச் சுமை. பின் அறையில் மெத்தையைப் போட்டேன். கமலா படுத்த இடத்தில் நான் படுத்துக்கொண்டேன். ஒரு கருவி தலைமாட்டில், ஒன்று கையில். கதவைச் சாத்தச் சொன்னேன்.

"மாமா, கருவிய மட்டும் உள்ள வச்சாப் போதும்லா? நீங்க எதுக்கு?"

"சாத்து."

மேல் ஜன்னல் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கும்படி வித்யா உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தட்டுவாள், நான் கையைத் தூக்க வேண்டும், அது ஏற்பாடு. தட்டினாள். தூக்கினேன். கட்டிலுக்கு அடியில் ஜெனரேட்டர் முதுகுத்தண்டில் அதிர்ந்தது. சீரான ஓட்டம். குறை சொல்ல இடமில்லை. கூரையில் ஒரு சின்ன அலமாரி, அதில் யாரோ குழந்தை ஒட்டிய மீன் ஸ்டிக்கர், பழைய சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையாக இருக்கும். தட்டினாள். தூக்கினேன்.

கருவியில் ஓர் எண் தெரிந்தால் போதும், ஐந்தோ பத்தோ. எழுந்து வெளியே வந்து, இது சரிப்படாது என்று சொல்லலாம். உண்மையாகவே சொல்லலாம். பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ராகு காலம் வந்து நெடுநேரம் ஆயிற்று. வித்யா கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். "அப்பா, எவ்ளோ காட்டுது?"

கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தலைமாட்டில் இருந்ததையும் எடுத்துப் பார்த்தேன்.

"சைபர்."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

மேலே ரூபன் ஜெனரேட்டரை அணைக்கப் போகும் காலடி.

"கதவைச் சாத்தும்மா," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."